ஒயின் கடை அப்பாவும் சரோஜா டீச்சரின் மாத்திரையும்

என் அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கும் இடங்களையும் விடமாட்டேன். முதல் பக்கத்திலேயே இப்படிச் சொல்லி வைத்துவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது. இது நீங்கள் எழுதிவைத்துவிட்டுப் போன நோட்டைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது. "எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல இதில் எழுதமாட்டேன்" என்றுதானே நீங்கள் அதை ஆரம்பித்திருக்கிறீர்கள்?

இதை எங்கள் பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுக்கப்போகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் சில இடங்களில் சொல்லவேண்டி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஜூலையில் போனீர்கள். இப்போது நவம்பர். பாலாற்றில் இரண்டு நாள் தண்ணீர் ஓடியது. பாலத்தில் நின்று எல்லோரும் பார்த்தோம். தண்ணீரைவிட நுரைதான் ஜாஸ்தி. அம்மாவின் ஷூ கம்பெனியில் ஏற்றுமதி அவசரம் என்று ஆறு மணிக்குமேல்தான் விடுகிறார்கள். நான் பத்தாம் வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். காலாண்டுத் தேர்வில் தமிழில் நான்தான் முதல். இதைச் சொல்ல வீட்டுக்கு ஓடிவந்து, வாசலில் உங்கள் செருப்பைத் தேடினேன்.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: என் அப்பா ஆம்பூரில் ஒரு ஒயின் கடையில் விற்பனையாளராக இருந்தார். அதற்குமுன் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், கிளார்க். டேனரியை மூடினார்கள். அதே சமயம், மதுவிலக்கு போய் ஊரில் கடைகள் மறுபடி திறந்தன. நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த, குடிக்காத ஆள் வேண்டும் என்று கடை முதலாளி தேடிக்கொண்டிருந்தார். ஊரில் இரண்டும் சேர்ந்த ஆள் நீங்கள் ஒருவர்தான் கிடைத்தீர்கள் என்று அம்மா சொல்வாள்.

கடைக்கு வெளியே 'ஒயின்ஸ்' என்று பெரிய போர்டு. ஆனால் உள்ளே ஒயின் இருந்தது ஒரே ஒரு அலமாரித் தட்டில். மற்றதெல்லாம் பிராந்தி, ரம், விஸ்கி. "போர்டுல இருக்கறது ஒயின். அத்தக் கேட்டு வர்றவங்க வாரத்துக்கு ரெண்டு பேரு" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். அந்த இரண்டு பேருக்காகத்தான் நீங்கள் நோட்டுப் போட்டீர்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

டேனரி ஒன்றுக்கு மெஷின் மாட்ட வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர், தக்கை போட்ட பாட்டிலை நிற்கவைக்கக் கூடாது, தக்கை காய்ந்துவிடும் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே அந்தத் தட்டில் இருந்த பாட்டில்களை எல்லாம் படுக்கவைத்தீர்கள். முதலாளி வந்து பார்த்து, "இன்னா சார், எல்லாத்தியும் தூங்க வெச்சிட்டீங்க? தாலாட்டும் பாடுவீங்களா?" என்றாராம். அன்றிலிருந்து பஜாரில் உங்களுக்கு அதுவே பெயராகிவிட்டது. ஒயினைத் தூங்கவைக்கிறவர்.

வெயில் படாத பக்கமாகத் தட்டையே மாற்றினீர்கள். ஒயின் கம்பெனிக்குக் கடிதம் போட்டு, எந்தத் திராட்சை, எந்த மலை அடிவாரம், எத்தனை நாள் ஊறுகிறது, எந்தப் பீப்பாய் என்று கேட்டீர்கள். யார் ஒயின் வாங்கினாலும் மறுமுறை வரும்போது எப்படி இருந்தது என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினீர்கள். பாகாயத்திலிருந்து கிறிஸ்துமஸ் கேக்குக்காக வாங்க வந்த நர்ஸ் சொன்னது: "முதல் வாய் இருமல் மருந்து மாதிரி இருந்துச்சு சார். ரெண்டாவது வாய் பரவாயில்ல." நெமிலிப் பக்கத்துப் போதகர் திருவிருந்துக்கு வாங்கியதைப் பற்றிச் சொன்னது: "இனிப்பு ஜாஸ்தி. பிள்ளைங்க இன்னொரு தடவை வரிசையில நிக்கப் பாக்குது." பிள்ளை பெற்ற மகளுக்கு வாங்கிய ஒரு விவசாயி சொன்னது: "அவ குடிக்கல. நான்தான் குடிச்சேன். ஆவாரம்பட்டை ஊறின தண்ணி மாதிரி நாக்க இழுக்குது."

இதன் கீழே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: "இவர் சொன்னது சரி. டேனரியில் தோலைப் பதப்படுத்தும் துவர்ப்பும் ஒயினில் இருக்கும் துவர்ப்பும் ஒரே வகை. இதை எந்தப் புத்தகமும் ஆம்பூர்க்காரனுக்கு இவ்வளவு சுலபமாகச் சொல்லாது." இதைப் படித்த அன்று எனக்கு உங்களிடம் பேச வேண்டும்போல இருந்தது. நூற்றுப் பதினெட்டுப் பக்கம், அப்பா. திராட்சைத் தோட்டம், ஆலை, லாரி, பர்மிட், கடை வரைக்கும். தமிழில் ஒயின் தொழிலைப் பற்றி ஒரு புத்தகம். "ஆம்பூர்ல யாரு சார் இத்தப் படிப்பாங்க?" என்று ஒயின் கம்பெனிக்காரர் கேட்டதற்கு, "என் பொண்ணு படிப்பா" என்று சொன்னீர்களாம். முதலாளிதான் இதைச் சொன்னார்.

நான் படித்தேன். நீங்கள் போன பிறகு.

இனிமேல்தான் எனக்குக் கஷ்டமான பகுதி.

ஒன்பதாம் வகுப்பில் புதிய பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், வகுப்பு டீச்சர் சரோஜா டீச்சர் ஒவ்வொருவரையும் எழுப்பி அப்பா என்ன வேலை என்று கேட்டார். டேனரி, டேனரி, ஷூ கம்பெனி, வாத்தியார், டேனரி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அன்று காலை குழாயடியில் நடந்தது ஞாபகம் வந்தது. "ஒயின் கடைக்காரர் பொண்ணுக்குத் தண்ணி எதுக்குமா? வூட்லதான் நெறைய இருக்குமே" என்று ஒரு அக்கா சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. என் முறை வந்தது. எழுந்து நின்றேன்.

"மெடிக்கல் ஷாப்பு, டீச்சர்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த பெண் எழுந்துவிட்டாள்.

அடுத்த மாதம் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட நீங்கள் வந்தீர்கள். வெள்ளைச் சட்டை போட்டு, சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வந்தீர்கள். சரோஜா டீச்சருக்கு மூச்சுத் திணறல் உண்டு. டேனரிப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாட்களில் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் சாப்பிடும் மாத்திரை ஆம்பூரில் சரியாகக் கிடைப்பதில்லை. அன்று அவர் ஒரு சீட்டை உங்களிடம் நீட்டி, "உங்க மெடிக்கல்ல இது வருங்களா சார்?" என்று கேட்டார்.

நான் உங்கள் பக்கத்திலேயே நின்றிருந்தேன். என் காது இரண்டும் எரிந்தது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. சீட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டி, கடைசி எழுத்துவரை படித்தீர்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள்.

"ஒரு வாரம் டைம் குடுங்க டீச்சர். பாப்பாகிட்டயே குடுத்தனுப்பறேன்."

வீட்டுக்கு வரும் வழியில் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தீர்கள். நான் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, இப்போது கேட்பீர்கள், இந்தத் திருப்பம் தாண்டியதும் கேட்பீர்கள் என்று காத்துக்கொண்டே வந்தேன். மேட்டில் இறங்காமல் மிதித்து ஏறினீர்கள். ரயில்வே கேட்டில் நின்றோம். சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணச் சொன்னீர்கள். அதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் கேட்கவில்லை அப்பா? கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அதோடு முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு மாதா மாதம் உங்கள் விடுமுறை நாளில் வேலூருக்கு பஸ் ஏறினீர்கள். அம்மாவிடம் லைப்ரரிக்குப் போவதாகச் சொன்னீர்கள். போகவும் போனீர்கள், நோட்டில் குறிப்புகள் இருக்கின்றன. வரும்போது மாத்திரையும் வந்தது. அம்மா கம்பெனிக்குக் கிளம்பிய பிறகு அந்தப் பழுப்பு உறையை என் புத்தகத்தின்மேல் வைப்பீர்கள். "உங்க டீச்சருக்கு." இரண்டே வார்த்தை. நான் தலையை நிமிர்த்தாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன். ஒரு வருஷம் இப்படியே போனது.

ஜூலையில் வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஆம்பூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது விழுந்துவிட்டீர்கள். யாரோ ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். உங்கள் கண்ணாடியையும் கைக்குட்டையையும் ஒரு பழுப்பு உறையையும் அம்மாவிடம் கொடுத்தார்கள்.

அம்மா அந்த உறையைப் பிரித்து, மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டுபோய் ஒரு கம்பவுண்டரிடம் காட்டினாள். மூச்சுத் திணறலுக்கு என்றார் அவர். அன்றைக்கு அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல ஆகிவிட்டது. உங்களுக்கு நோய் இருந்திருக்கிறது. அவளிடம் சொல்லாமல், லைப்ரரி என்று சொல்லிக்கொண்டு மாதா மாதம் வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் இதையே சொன்னாள். "பக்கத்துலயே படுத்துகினு இருந்தேன். மூச்சு வாங்குறது என் காதுல வுழலியே. மிஷினு சத்தத்துல என் காது செத்துப்போச்சா?" அந்த அட்டையை உங்கள் வேதாகமத்துக்குள் வைத்தாள்.

நான் அறைக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்துபோய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லவில்லை. ஒரு நாள் இல்லை, நான்கு மாதம் சொல்லவில்லை.

வகுப்பிலும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. இந்த வருஷமும் சரோஜா டீச்சர்தான் எங்களுக்கு. நீங்கள் போனபிறகு அவர் என்னிடம் சீட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். செய்யுள் நடத்தும்போது மூச்சு இழுக்கும் சத்தம் முன் வரிசைக்கு நன்றாகக் கேட்கும். அவருடைய மாத்திரை எங்கள் வீட்டில், வேதாகமத்துக்குள் இருக்கிறது. நான் அவர் சொன்ன அருஞ்சொற்பொருளை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடிந்ததும் அம்மா ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கோயிலில் ஜெப விண்ணப்பப் பெட்டி இருக்கிறதே, அதில் போட. போதகர் அதை எடுத்து ஆராதனையில் எல்லோருக்கும் முன்னால் படிப்பார். அம்மாவின் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும் என்று அவளே சொல்வாள். அதனால் என்னை எழுதச் சொன்னாள். பெயர் போடவேண்டாம், விஷயம் மட்டும் போதும் என்று சொல்லி நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"'என் கணவர் தன் நோயை என்னிடம் சொல்லாமல் சுமந்தார். கூட இருந்தும் அதைக் கவனிக்காத என் பாவத்தை ஆண்டவர் மன்னிக்கும்படி ஜெபியுங்கள்.' எழுது."

'என் கணவர்' என்று எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை.

"இன்னாடி, பேனாவுல மை இல்லியா?"

"அம்மா, அந்த மாத்திரை அப்பாவுது இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடி, வகுப்பு, சீட்டு, வேலூர் பஸ், பழுப்பு உறை. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்தபிறகு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அவருக்கு மூச்சு வாங்குச்சா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"இல்லம்மா. என்னைப் பின்னாடி வெச்சிகினு மேட்டுல சைக்கிள் மிதிப்பாரு. நல்லாதான் இருந்தாரு."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான்கு மாதமாக அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. கனமான எதையோ இறக்கி வைத்தவர்களுக்கு மூச்சு வருமே, அப்படி. கொஞ்ச நேரம் கழித்து, "என்கிட்ட எந்த நோவையும் மறைக்கல. உன்னத்தான் மறைச்சிருக்காரு" என்றாள்.

இன்னொன்றையும் கேட்டுவிட்டேன். நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் அப்பா அன்றைக்கு வேலூர் போயிருக்கமாட்டார் இல்லையா என்று.

"நெஞ்சு நிக்கறது வேலூர்லயும் நிக்கும், ஆம்பூர்லயும் நிக்கும். அத்தத் தூக்கி உன் தலையில வெச்சிக்காத." பிறகு அவளே சொன்னாள், என்னைப் பார்க்காமல்: "கம்பெனியில என்னைக் கேட்டப்போ நானும்தான் சொன்னேன், பெங்களூரு கம்பெனிக்கு ஏஜெண்ட்டுன்னு. ஆறு வருஷமா அத்தத்தான் சொல்லிகினு இருக்கேன். அவருக்கு அது தெரியுமோ தெரியாதோ."

தெரியுமா அப்பா? அம்மாவின் கம்பெனி வாசலில் அவளுக்காக நின்ற நாட்களில் யாராவது உங்களை ஏஜெண்ட் சார் என்று கூப்பிட்டார்களா? அங்கேயும் தலையாட்டிவிட்டு வந்தீர்களா?

அந்த விண்ணப்பத் தாளை அம்மா நான்காக மடித்து அடுப்பில் போட்டாள்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு பள்ளிக்கு வந்தாள். டீச்சர்கள் அறைக்கு வெளியே வராந்தாவில் சரோஜா டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். எங்கள் வகுப்புப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வாள் என்று நினைத்தேன். அம்மா அங்கேயே, அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"டீச்சர், இவங்கப்பா மெடிக்கல்ல வேல செய்யல. ஒயின் கடையில செஞ்சாரு. பொய் சொன்னது இவ. காப்பாத்துனது அவரு. இது உங்க மாத்திரை. கடைசியா வாங்குனது."

டீச்சர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ இத எங்கேருந்துதான் வாங்கினாரு?"

"வேலூர்லேருந்து. மாசா மாசம் பஸ் ஏறி."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடிவைத்தார். "ஒரு மாசம் லேட்டாச்சுன்னு கோவமா சீட்டு எழுதி அனுப்பினேனே. 'மன்னிக்கவும், ஸ்டாக் வரவில்லை'ன்னு பின்னாடி எழுதிக் குடுத்தாரே அவரு." என்னைப் பார்த்தார். திட்டுவதற்கு வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். மூச்சு இழுத்தது. "இத நான் எப்படிமா போட்டுக்கறது?"

"போட்டுக்குங்க டீச்சர்," என்றாள் அம்மா. "அதுக்குத்தான வாங்குனாரு."

அம்மாவே பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். டீச்சர் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மணி அடித்தது. யாரும் அசையவில்லை.

மத்தியானச் சாப்பாட்டின்போது ஒரு பெண் வந்து, "உங்கப்பா நெசமாவே ஒயின் ஷாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள், "எங்க மாமா அந்தக் கடைக்குத்தான் போவாரு. கம்மியா குடிங்கன்னு சொல்லிட்டுதான் பாட்டில் குடுப்பாராம் ஒருத்தர், அவரா?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். சொல்வது இவ்வளவு சுலபமாக இருந்தது. இதைச் சொல்லாமல்தான் உங்களை ஒரு வருஷம் பஸ்ஸில் அலையவிட்டேன்.

டீச்சர் எனக்கு எந்தத் தண்டனையும் கொடுக்கவில்லை. சாயங்காலம் போகும்போது, ஆண்டு மலருக்கு நீ என்ன எழுதப்போகிறாய் என்று மட்டும் கேட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டேன். கோழி கிளறியதை எடுத்துவிடச் சொன்னாள். மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றாள்.

உங்கள் நோட்டின் கடைசி அத்தியாயத்துக்குச் 'சுவை' என்று தலைப்புப் போட்டு, கீழே ஒரே வரி எழுதி விட்டிருக்கிறீர்கள். "இத்தனை பேர் நாக்கைக் கேட்டு எழுதிவிட்டேன். நானே குடித்துப் பார்க்காமல் இதை முடிப்பது நேர்மையா?" எனக்கும் விடை தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் நீங்கள் என்ன முடிவு செய்திருப்பீர்கள்? ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்திருப்பீர்களா? முகம் எப்படிப் போயிருக்கும்?

அப்பா, நான் வாக்குக் கொடுக்கிறேன். இந்த விடுமுறையில் நூற்றுப் பதினெட்டுப் பக்கத்தையும் திருத்தமாகப் பிரதி எடுப்பேன். தெரியாததைத் தெரிந்ததுபோல ஒரு வரியும் சேர்க்கமாட்டேன். படித்து வேலைக்குப் போனபிறகு, நீங்கள் கடிதத்தில் மட்டும் பார்த்த அந்தத் திராட்சைத் தோட்டங்களுக்கு நேரில் போய், ஆலையையும் பீப்பாயையும் பார்த்து, கடைசி அத்தியாயத்தை எழுதுவேன். முன்னுரையின் முதல் வரியில் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று இருக்கும்.

இன்னும் ஒரு செய்தி. உங்களை அடக்கம் செய்த நாளிலிருந்து அம்மா ராத்திரியில் விளக்கை அணைக்க விட்டதே இல்லை. விடிய விடிய எரியும். நான் கண்ணை மூடியிருப்பேன். அவள் குனிந்து என் மூக்கருகில் விரலை வைத்து மூச்சு சரியாக வருகிறதா என்று பார்ப்பாள். நான் தூங்குவதுபோல அசையாமல் கிடப்பேன். இன்று மணி ஒன்பதுகூட ஆகவில்லை. "போதும் எழுதுனது, படு" என்று சொல்லிவிட்டு அவளே எழுந்துபோய் சுவிட்சைத் தட்டினாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். இந்தக் கடைசி வரிகளை ஜன்னல் வழியாக வரும் தெருவிளக்கில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். நம் வீட்டில் விளக்கை அணைத்தாயிற்று.

உங்கள் ஒரே மகள்,
பிரேமா